பஞ்சுத் தூசும் திங்கட்கிழமை நோயும்

ஆடையில்லாதவன் அரை மனிதன் என்பது பழமொழி. மனிதனை முழு மனிதனாக்கும் அந்த ஆடை, பருத்திக் காயிலிருந்து புறப்பட்டுத் தறியை வந்தடையும் வழியில், தனக்காக உழைத்தவர்களிடமிருந்து வாங்கிய விலை யாது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பஞ்சின் விலை, கூலி, கப்பற் சத்தம் ஆகியவற்றின் கணக்குகள் வணிகரின் ஏடுகளில் உண்டு. மூச்சின் கணக்கு அவற்றில் இல்லை. அக்கணக்கைத் தொழிலாளர் தம் நெஞ்சிலே வைத்திருந்தனர். கேட்டவர்களுக்குச் சொல்லியும் வந்தனர். ஆயினும் அவர்கள் சொல்லியதைச் சட்டமும் வைத்திய நூலும் முழுமையாக ஏற்றுக்கொள்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது. பஞ்சாலைத் தொழிலாளரின் சுவாசப்பை நோயின் வரலாறு, அவ்வாறு தாமதித்துக் கேட்கப்பட்ட ஒரு சாட்சியத்தின் வரலாறே ஆகும்.

அந்நோயின் போக்கு விந்தையானது. பஞ்சாலையிலே பல ஆண்டுகள் உழைத்த ஒருவன் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு பெற்று, திங்கட்கிழமை காலையில் நலமாகவே வேலைக்குச் செல்கிறான். சில மணி நேரம் கழித்து அவன் நெஞ்சு இறுகத் தொடங்குகிறது. மாலையாகும்போது கயிற்றினால் மார்பைக் கட்டியது போன்ற உணர்ச்சியுடன் மூச்சு வாங்கி வீடு திரும்புகிறான். செவ்வாய்க்கிழமை அவ்வருத்தம் தணிகிறது. புதன் வந்தால் மறைந்து போகிறது. மறு வாரம் திங்களன்று மீண்டும் வருகிறது. ஓய்வு நாளுக்கு அடுத்த நாளையே தேர்ந்து வருவது இந்நோயின் இயல்பு. ஆண்டுகள் செல்லச் செல்ல இறுக்கம் செவ்வாய்க்கும் புதனுக்கும் நீளுகிறது. இறுதியிலே ஞாயிறும் திங்களும் ஒன்றாகி, மாடிப்படி ஏறவும் இயலாத நிலையில் அவன் வீட்டிலிருக்க நேரிடுகிறது.

இதன் காரணத்தை அறியப் பஞ்சு ஆலைக்குள் வந்து சேரும் முறையை அறிதல் வேண்டும். வயலிலே பறிக்கப்படும் பருத்தியோடு சருகும், காய்த்தோடும், காயைச் சூழ்ந்திருக்கும் சிற்றிலைகளின் துணுக்குகளும், மண்ணும், பூஞ்சணமும், கண்ணுக்குப் புலனாகாத நுண்கிருமிகளும் கலந்தே வருகின்றன. விதையை நீக்கிய பின்னரும் இக்கசடு முழுவதும் நீங்குவதில்லை. பொதிகளாக அழுத்தப்பட்ட பஞ்சு ஆலையில் உடைக்கப்பட்டு, அடித்து உலுப்பப்பட்டு, பின்னர் கார்டிங் என்று ஆலைகளில் வழங்கும் வாரும் யந்திரத்துக்குச் செல்கிறது. தலைமயிரைச் சீப்பினால் வாருவது போல, நுண்ணிய கம்பிப் பற்கள் பதித்த பெரிய உருளைகள் பஞ்சின் இழைகளை வாரி ஒரு முகப்படுத்துகின்றன. அவ்வேளையிலேதான் உள்ளே மறைந்திருந்த தூசு காற்றில் எழுகிறது. பற்களிடையே தங்கிய கசட்டை எடுத்துத் துப்புரவு செய்வதும், மழுங்கிய பற்களைத் தீட்டுவதும் பழைய ஆலைகளிற் சிலருக்கென ஒதுக்கப்பட்ட வேலைகளாக இருந்தன. தூசை மிகுதியாக உண்டவர்கள் அவர்களே.

யந்திரங்கள் தோன்றுவதற்கு முன்னரே நார்த் தூசின் கேட்டைக் கண்டு எழுதியவர் ஒருவர் உண்டு. இத்தாலியரான பேர்னாடினோ ரமாத்சினி 1700 ஆம் ஆண்டில் மொடெனா நகரிலே தொழிலாளரின் நோய்களைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். சணலையும் ஆளிநாரையும் சீவுவோர் இடைவிடாது இருமுவதையும், தானியம் புடைப்போரும் மாவரைப்போரும் மூச்சுத் தடையால் வருந்துவதையும் அந்நூல் கூறுகிறது. நோயாளியின் படுக்கையருகே செல்லும் வைத்தியன் பண்டைய ஆசிரியர்கள் விதித்த வினாக்களோடு, "உமது தொழில் யாது?" என்ற வினாவையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து. மிக எளிய அறிவுரை அது. ஆயினும் அதனைப் பின்பற்றியவர்கள் நெடுங்காலம் சிலராகவே இருந்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நூற்றல் தொழில் குடிசையை விட்டு ஆலைக்குள் புகுந்தது. இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டம் உலகின் பஞ்சாலையாக மாறியது. மாஞ்செஸ்டர் நகரிலே ஏழைகளுக்கு வைத்தியம் செய்த ஜேம்ஸ் பிலிப்ஸ் கே, நூற்போரிடம் கண்ட இருமலையும் மார்பெலும்பின் கீழ்த் தோன்றும் வருத்தத்தையும் குறித்து 1831 ஆம் ஆண்டில் எழுதினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பொதுக் கல்விக்கு அடிகோலியவர்களுள் ஒருவராகப் புகழ் பெற்றவர் அவரே. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1845 இல், பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலே மாரெஸ்கா, ஹேமன் என்னும் இரு வைத்தியர்கள் பஞ்சாலைத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தனர். தூசு வாரத்தின் கடைசி நாட்களைவிடத் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையுமே தங்களை மிகுதியாக வருத்துகிறது எனத் தொழிலாளர் அவர்களிடம் கூறினர். அவர்கள் அதனைப் பதிவு செய்தனர். நோயின் அடையாளம் இவ்வாறு தொழிலாளரின் வாய்மொழியாக ஏட்டில் ஏறியது.

1861 ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. தென் மாநிலங்களின் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டமையால் லங்காஷயருக்கு வரும் பஞ்சு தடைப்பட்டது. ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினியைக் கண்டன. திறந்திருந்த ஆலைகள் சூரத் என்று வணிகர் வழங்கிய இந்தியப் பஞ்சை நாடின. இழை குறுகியதும் கசடு மிகுந்ததுமான அப்பஞ்சு தொழிலாளரின் உடலுக்கு இழைத்த கேட்டை, ஜெசி லீச் என்னும் வைத்தியர் 1863 இல் லான்செற் என்னும் வைத்திய இதழிலே எழுதினார். வேலையில்லாதவன் பசியால் வாட, வேலை கிடைத்தவன் தூசால் வாடிய காலம் அது.

நோய்க்குப் பெயர் கிடைத்தது 1877 ஆம் ஆண்டிலேயாம். பிரெஞ்சு வைத்தியரும் சுகாதார அறிஞருமான அட்றியன் புரூஸ்ற், நுண்ணிய நாராடையைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிசினோசிஸ் என்னும் பெயரை ஆக்கினார். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ற்றின் தந்தை இவர். சிறு வயது முதல் தொய்வு நோயால் மூச்சுக்குத் தவித்தவர் அம்மகன்.

பெயர் வந்த பின்னரும் நோய் ஏற்கப்படவில்லை. அதற்குக் காரணங்கள் பல. சுரங்கத்திலே கல் தூசை உண்டவனின் சுவாசப்பையை எக்ஸ்-கதிர்ப் படம் காட்டிக்கொடுக்கும். பஞ்சுத் தூசு அத்தகைய தனி அடையாளம் எதனையும் படத்தில் விடுவதில்லை. இறந்தவரின் உடலை ஆராய்ந்தாலும் நெடுநாளைய மார்ச்சளி நோயினின்றும் இதனைப் பிரித்தறிதல் அரிது. லங்காஷயர் நகரங்களோ புகை மண்டியவை; தொழிலாளர் பலர் புகையிலை பிடித்தனர். ஆதலால் ஒருவன் மூச்சிழந்து வந்தால், புகையும் பனியும் புகையிலையுமே காரணமெனச் சொல்லி அவனை அனுப்பிவிடுதல் எளிதாயிற்று. மேலும், வார நடுவில் வைத்தியரிடம் சென்றவனின் நெஞ்சு திங்கட்கிழமையின் கதையைக் காட்டாது. அக்கதையை அவனே சொல்ல வேண்டும். நட்ட ஈடு பெறக்கூடிய ஒருவனின் சொல்லை மட்டும் ஆதாரமாகக் கொள்ள எவரும் விரும்பவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதாரங்கள் மெல்லத் திரண்டன. தொழிற்சாலைகளின் வைத்தியப் பரிசோதகரான எட்கார் கொலிஸ், வாரும் யந்திரங்களைத் துப்புரவு செய்வோரையும் தீட்டுவோரையும் சோதித்து, அவர்களுட் பெரும்பாலோர் திங்கட்கிழமை இறுக்கத்துடன் கூடிய மூச்சுத் தடையால் வருந்துவதை 1908 ஆம் ஆண்டின் அறிக்கையிலே தெரிவித்தார். புள்ளிவிபர அறிஞர் ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில், நோய்க்காக வேலைக்கு வராத நாட்களை எண்ணி, வாரும் அறைகளில் உழைப்போரிடையே சுவாச நோய்கள் மிகுந்திருப்பதை 1930 இல் நிறுவினார். வாரும் அறைத் தூசைப் பற்றி ஆராய அரசாங்கம் அமைத்த குழு 1932 இல் அறிக்கை அளித்தது. ஆயினும் சட்டம் வந்தது 1940 ஆம் ஆண்டிலேதான். அச்சட்டமும் கஞ்சத்தனமாகவே கொடுத்தது. இருபது ஆண்டுகள் அத்தொழிலில் உழைத்து, முற்றிலும் நிரந்தரமாகவும் உழைக்கும் ஆற்றலை இழந்த ஆண்களே முதலில் அதன் பயனைப் பெற முடிந்தது. அதே அறைகளில் அதே தூசை உண்ட பெண்கள் விடப்பட்டனர். இவ்வரையறைகள் பிற்காலத்தில் படிப்படியாகவே தளர்ந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மாஞ்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த றிச்சார்ட் ஷில்லிங் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார். தொழிலாளரின் வாய்மொழியைச் சந்தேகத்துக்குரிய சான்றாகக் கொள்ளாது, அதனையே ஓர் அளவுகோலாக ஆக்கியமை அவரது சிறப்பு. ஒவ்வொருவரிடமும் ஒரே வினாவை, ஒரே சொற்களில், ஒரே ஒழுங்கிற் கேட்கச் செய்தார். திங்கட்கிழமைகளில் நெஞ்சு இறுகுகிறதா? சில வேளைகளிலா, எல்லாத் திங்களிலுமா? ஏனைய நாட்களிலும் உண்டா? 1955 இல் வெளியான ஆய்வின்படி, பருமனான நூல் நூற்ற ஆலைகளின் வாரும் அறைகளில் உழைத்த ஆண்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோரிடம் நோயின் அறிகுறி இருந்தது. பெற்ற விடைகளைக் கொண்டு நோய் படிகளாக வகுக்கப்பட்டது. திங்கள் மட்டும் வருந்துவோர் ஒரு படி. ஏனைய வேலை நாட்களிலும் வருந்துவோர் அடுத்த படி. மூச்சின் ஆற்றலை நிரந்தரமாக இழந்தோர் இறுதிப் படி. பின்னர், ஒருவர் ஒரு வினாடியில் ஊதி வெளிவிடக்கூடிய காற்றின் அளவைத் திங்கட்கிழமை வேலைக்கு முன்னும் வேலைக்குப் பின்னும் கருவி கொண்டு அளந்தனர். மாலையில் அவ்வளவு குறைந்திருந்தது. கெண்ட் நகரத் தொழிலாளர் 1845 இல் வாயினாற் சொல்லியதை நூறாண்டு கழித்துக் கருவி எண்களாற் சொல்லியது.

ஐக்கிய அமெரிக்காவிலோ இக்கதை மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. அந்நோய் இங்கிலாந்துக்குரியது, அமெரிக்க ஆலைகளில் இல்லை என்பது அங்கு நிலவிய எண்ணம். யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆரென்ட் பௌஹைஸ் என்பவர் ஆராய முற்பட்டபோது ஆலைகளின் கதவுகள் அவருக்குத் திறக்கவில்லை. அவர் அற்லாண்டா நகரிலுள்ள மத்திய சிறைச்சாலையை நாடினார். அங்கே கைதிகள் உழைத்த பஞ்சாலை ஒன்று இருந்தது. ஷில்லிங்கும் உடன் சேர்ந்து எழுதிய அவ்வாய்வு 1967 இல் வெளியாயிற்று. வாரும் அறையிலே உழைத்த கைதிகளின் மூச்சும் திங்கட்கிழமைகளிற் குறைந்தது. சுதந்திர மனிதரின் நோயை நிறுவுதற்குச் சிறைக் கைதிகளின் மூச்சு சாட்சியாக வேண்டியிருந்தது. அதன் பின்னரும், 1969 ஆம் ஆண்டில், இது வைத்தியர்களின் கற்பனை என்று எழுதத் துணிந்த ஆலைத்தொழிற் பத்திரிகை ஒன்றும் அந்நாட்டில் இருந்தது.

அக்காலத்திலேயே நுகர்வோர் நலத்துக்காகப் போராடிய ரால்ப் நேடர் இந்நோய்க்குப் பழுப்புச் சுவாசப்பை எனப் பொருள்படும் ஒரு பெயரைப் பரவச் செய்தார். சுரங்கத் தொழிலாளரின் நிலக்கரி நோய்க்குக் கறுப்புச் சுவாசப்பை என்ற பெயர் வழங்கியதைத் தழுவி எழுந்த பெயர் அது. தொழிலாளரின் பாதுகாப்புக்கான சட்டம் 1970 இல் நிறைவேறியது. 1975 இல் இரு கரோலினா மாநிலங்களிலும் வேலையிழந்த முதிய ஆலைத் தொழிலாளர் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். மூச்சுத் தடையால் நீண்ட நேரம் பேசவும் இயலாத அம்முதியோர், நட்ட ஈட்டு மன்றங்களிலும் அரசாங்க விசாரணைகளிலும் தம் கதையைத் தாமே கூறினர்.

1978 ஆம் ஆண்டில் தூசின் எல்லை வரையறுக்கப்பட்டது. நூல் ஆக்கும் பகுதிகளில் ஒரு கன மீற்றர்க் காற்றில் 200 மைக்கிரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசு இருத்தலாகாது என்பது விதி. ஆலை உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். விதியால் விளையும் நன்மை, அதற்காகும் செலவுக்கு ஈடானதா என்று முதலிற் கணக்கிட்டுக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1981 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை மறுத்தது. நீதியரசர் பிரெனன் எழுதிய தீர்ப்பில், வேலையிலிருப்போரும் ஓய்வு பெற்றோருமாகக் குறைந்தது 35,000 பேர், அதாவது பன்னிருவரில் ஒருவர், நோயின் கடுமையான நிலையிலுள்ளனர் என்ற மதிப்பீடு குறிக்கப்பட்டது. இயலுமான எல்லை வரை தொழிலாளரின் உடல்நலத்தைக் காத்தல் வேண்டும் எனச் சட்டம் செய்தவர்களே முடிவு செய்துவிட்டனர். அதன் பின்னர் செலவையும் நன்மையையும் மீண்டும் தராசிலிடத் தேவையில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆலைகள் தூசை உறிஞ்சும் மூடிய யந்திரங்களைப் பொருத்தின. தூசு குறைந்தது, அப்புதிய யந்திரங்களால் உற்பத்தியும் பெருகியது.

பஞ்சின் இழை நோயைத் தருவதில்லை என்பதே அறிஞர்களின் இன்றைய கருத்து. பருத்தியோடு வரும் நுண்கிருமிகளின் புறத்தோலிலுள்ள நச்சுப் பொருள் சுவாசக் குழாய்களை உறுத்துவதே தலையாய காரணமாகக் கருதப்படுகிறது. வேலை நாட்களில் உடல் அந்நஞ்சுக்கு ஓரளவு பழகிக்கொள்கிறது. ஓய்வு நாளில் அப்பழக்கம் கலைகிறது. திங்களன்று மீண்டும் உறுத்தல் எழுகிறது. சீனாவின் ஷங்ஹாய் நகரிலே 1981 இல் தொடங்கிய ஆராய்ச்சி, பஞ்சாலைத் தொழிலாளரையும் பட்டாலைத் தொழிலாளரையும் பல்லாண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டது. பஞ்சுத் தூசை உண்டவர்களின் மூச்சாற்றல் விரைந்து குறைந்ததையும், தூசைவிட்டு நீங்கிய பின்னர் ஓரளவு மீண்டதையும் அது காட்டியது.

உயிர்ப்பொருள்களின் தூசு தரும் நோய் பஞ்சோடு முடிவதன்று. இங்கிலாந்தின் வட பகுதியில் பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட கமக்காரர், சில மணி நேரத்தின் பின் காய்ச்சலும் மூச்சுத் தடையும் அடைந்ததை வைத்தியர் காம்பெல் 1932 இல் எழுதினார். புல் சூடேறும்போது அதில் வளரும் நுண்ணுயிர்களே அதன் காரணம் என்பதை 1963 இல் ஜக் பெப்பிஸ் என்பவரும் அவரது குழுவினரும் விளக்கினர். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்திலே பழைய கரும்புச் சக்கையைக் கையாண்டோரிடம் இதனையொத்த நோய் 1941 இல் கண்டறியப்பட்டது. இவற்றிலும் காய்ச்சலை மட்டும் பார்த்த வைத்தியர் வழி தவறினர். தொழிலைக் கேட்டவரே காரணத்தைக் கண்டனர்.

இலங்கையிலும் அவ்வினாவைக் கேட்டவர் ஒருவர் இருந்தார். நெஞ்சு நோய் வைத்திய நிபுணரான சி. ஜி. ஊரகொட, மிளகாய் அரைப்போரைப் பற்றி 1967 இலும், தேயிலைத் தூசால் எழும் தொய்வைப் பற்றி 1970 இலும், தென்னந்தும்புத் தொழிலாளரைப் பற்றி 1975 இலும், இலவம் பஞ்சுத் தொழிலாளரைப் பற்றி 1977 இலும், கறுவாத் தொழிலாளரைப் பற்றி 1984 இலும் ஆராய்ந்து எழுதினார். கறுவாத் தூசில் உழைப்போரிடையே தொய்வு நோய் மிகுந்திருப்பதை அவர் கண்டார். தும்புத் தொழிலாளரிடத்திலோ பஞ்சாலை நோயின் அறிகுறிகளை அவர் காணவில்லை. காணவில்லை என்பதையும் எழுதினார். கேட்டறிவதன் பயன் குற்றத்தை நாட்டுவது மட்டுமன்று. எது தீங்கு, எது தீங்கன்று என்று பிரித்தறிவதுமாகும்.

லங்காஷயரின் ஆலைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. வாரும் யந்திரங்கள் இன்று இந்தியாவிலும், பாகிஸ்தானிலும், சீனாவிலும், வங்காளதேசத்திலும் சுழல்கின்றன. தூசை உறிஞ்சும் கருவிகளும், காற்றையும் மூச்சையும் அளக்கும் முறைகளும் நன்கு அறியப்பட்டுள்ளன. ஆகவே இந்நோய் இனி எங்கு தோன்றினாலும், அறிவின் குறைவை அதற்குக் காரணமாகச் சொல்லுதல் இயலாது. மருந்துச் சாலைக்கு மூச்சு வாங்கி வரும் ஒருவரிடம் அவரது தொழில் யாது என்றும், ஓய்வு நாளுக்கு மறுநாள் அவர் நெஞ்சு எவ்வாறிருக்கிறது என்றும் கேட்க ஒரு நிமிடம் போதும். ரமாத்சினி கேட்கச் சொன்னது முதல் வினா. கெண்ட் நகரத் தொழிலாளர் தம் விடையினாற் கற்பித்தது இரண்டாவது வினா.